மனுசி தங்க மறுத்த கரவன்

கரவன் வாங்கினேன். மனுசி அதில் ஒரு இரவுகூடத் தங்க மாட்டேன் என்றுவிட்டாள். பிழையாகப் போனது இவ்வளவுதான். மற்றதெல்லாம் சில்லறைப் பிழைகள்.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, சில்லு வைத்த வீடு. இந்த டென்மார்க்கில் யூலை மாதம் தொழிற்சாலைகளை மூன்று கிழமைக்குப் பூட்டிவிடுவார்கள். டெனிஷ்காரர் வீட்டில் இருக்கிற நல்ல கட்டிலை விட்டுவிட்டு, கரவனை இழுத்துக்கொண்டு போய் ஒரு புல்வெளியில் வரிசையாக நிற்பார்கள். அதற்குப் பெயர் கம்பிங். கரவன் வைத்திருப்பவனுக்கு விடுமுறை கிடையாது. இடம் மாறி வேலை செய்கிறான், அவ்வளவே. இதை வாசிக்கிறவர்களில் யாராவது கரவன் வைத்திருந்தால் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வைத்திருக்காவிட்டால் விளங்கப்படுத்தியும் பயனில்லை.

அப்போது நான் பிராண்டேயில் இருந்தேன். தொழிற்சாலை வேலை. மனுசியும் மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் எங்கோ நித்திரை. என்னுடையது மட்டுமல்ல, எல்லாத் தமிழருடையதும். ஏன் நித்திரை கொண்டது என்று பிறகு பெரிய விசாரணை வைத்தார்கள். தமிழர் வழக்கு என்று பேப்பரெல்லாம் எழுதின. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யூலை மாதம் பூட்டின தொழிற்சாலைக்கும் வெறும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் செய்ய ஒன்றுமில்லை. கரவன் வாங்கினேன். அவர்கள் வந்தால் மூன்று பேரும் போகலாம் என்பது எண்ணம்.

பின்னுக்கு எடுத்தல்

சில்க்போர்க்குக்கு வெளியே பண்ணை வைத்திருந்த ஒரு கமக்காரரிடம் வாங்கினேன். துணைக்கு வந்தவன் யேசுதாசன். என்னோடு வேலை செய்கிற மன்னார்ப் பொடியன். கடல் தொழில் குடும்பம். அவனிடம் காரும் இல்லை, லைசென்சும் இல்லை. வாய் இருந்தது.

கரவனை முன்னுக்கு இழுப்பது ஒரு வேலையே இல்லை. பின்னுக்கு எடுக்கும்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும். நீங்கள் இடப்பக்கம் வெட்டினால் அது வலப்பக்கம் போகும். கமக்காரரின் முற்றத்தில் நான் அதோடு மல்லுக்கட்டினேன். அவர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு மனைவியையும் கூப்பிட்டார். இரண்டு கதிரை வந்தது. யேசுதாசன் கத்தினான்: "அண்ணை, போட்டிலை எஞ்சின் பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோ! போகவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளோணும்!" நான் எப்போதடா போட் ஓட்டினேன் என்று கேட்டேன். "அப்ப இறங்குங்கோ" என்றான். இறங்கினேன்.

ஒரே எடுப்பில் படலைக்கு நேராகக் கொண்டுபோனான். அந்தப் பெருமையில் எங்களுக்குக் கை காட்டினான். கை காட்டினவன் பிரேக்கை மறந்துபோனான். கமக்காரரின் தபால்பெட்டி சரிந்தது. போட்டுக்குப் பிரேக் இல்லை, அதுதான் பழக்கமில்லை என்று எனக்கு விளக்கம் வேறு. கமக்காரர் தபால்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கரவன் இங்கேயே நிற்கட்டும். நீங்கள் இடைக்கிடை வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன?"

மனுசி பார்த்தாள்

குளிர்காலத்தில் மனுசியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். இடையில் அவள் எங்கள் வீட்டை விட்டுச் சொந்தக்காரர் வீடு, அங்கிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கோயில் மடம், கடைசியாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறை என்று பிள்ளையோடு இருந்திருக்கிறாள். கடிதத்தில் எழுதியிருந்தாள்தான். வாசிப்பது வேறு.

பனி கரைந்தபின் கரவனைக் காட்டினேன். கழுவி, மினுக்கி வைத்திருந்தேன். அவள் உள்ளே ஏறவில்லை. கதவடியில் நின்று விசாரித்தாள்.

"தண்ணி?"

"பொதுப் பைப் இருக்கு. வாளியிலை பிடிச்சுக்கொண்டு வரோணும்."

"கக்கூஸ்?"

"அதுவும் பொதுதான். கொஞ்சம் நடக்கோணும்."

"குளிக்கிறது?"

"வரிசையிலை நிண்டு."

"படுக்கை?"

"மேசையை இறக்கினால் கட்டில். மூண்டு பேரும் நெருக்கிப் படுக்கலாம்."

அவள் கரவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பகலில் வேண்டுமானால் வருகிறேன், பொழுதுபட வீட்டில் நிற்க வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இஞ்சருங்கோ, இதைத்தானே நான் அங்கை இவ்வளவு காலமும் சும்மா செய்தனான். இஞ்சை காசு குடுத்து அகதியாகிறியளோ?"

நிறை

என் மனுசிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டை விட்டு வெளிக்கிட்டால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் விட்டுவிட்டு வந்த எதுவும் திரும்பிப் போனபோது அங்கே இருந்ததில்லை. ஆகவே, பின்னேரம் திரும்பி வருகிற பயணத்துக்கு அரிசி மூட்டை, துருவலை, இடியப்ப உரல், குத்துவிளக்கு, குளிர்காலக் கோட்டுகள், தையல் மெசின் எல்லாம் கரவனுக்குள் ஏறின. தையல் மெசின் எதற்கு என்றேன். "கிடக்கட்டும்" என்றாள்.

சில்க்போர்க் வீதியில் பொலிஸ் மறித்தது. விடுமுறைக் காலத்தில் கரவன்களை நிறுத்து நிறை பார்ப்பார்கள். எங்களுடையதை நிறுக்கத் தேவையே இருக்கவில்லை. பின்பக்கம் தாழ்ந்து, காரின் மூக்கு வானத்தைப் பார்த்தபடி நின்றது. பொலிஸ்காரர் கதவைத் திறந்தார். எத்தனை கிழமை தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். இன்றைக்கே திரும்பிவிடுவோம் என்றேன். தையல் மெசினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அபராதம் எழுதவில்லை. தையல் மெசினைக் காருக்கு மாற்று, அரிசியைப் பிள்ளையின் காலடியில் வை என்று தானே நின்று ஏற்றுவித்தார். கடைசியில் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்: "விடுமுறைக்குப் போகிறவர்களை மறித்திருக்கிறேன். வீடு மாறுகிறவர்களையும் மறித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் செய்கிறவர்களை இன்றுதான் மறிக்கிறேன்."

பாஸ்

கம்பிங் இடம் ஏரிக்கரையில். வாசலில் பொறுப்பாளர் நின்றார். பெரிய மீசை, அரைக் காற்சட்டை. அந்த நாளில் கம்பிங் செய்ய ஒரு பாஸ் வேண்டும். ஒரு துண்டு அட்டைதான். என்னிடம் இருக்கவில்லை.

"என்னவாம்?" என்றாள் மனுசி காருக்குள் இருந்து. பாஸ் கேட்கிறார் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுகிற பாஸுக்கு அவள் வரிசையில் நின்ற கதையை நான் இதில் எழுதப் போவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பைக்குள் இருந்து துணிப்பை ஒன்றை எடுத்து யன்னலால் நீட்டிவிட்டாள். கலியாண எழுத்து, பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் ஊசி அட்டை, கிராமசேவகர் கடிதம் எல்லாம் அதற்குள்.

மனுசன் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். தமிழ் எழுத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். மடித்தபடியே மடித்துத் துணிப்பைக்குள் வைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் வந்து ஒரு புது அட்டையில் என் பெயரை எழுதினார்: "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இவ்வளவு பத்திரத்தோடு இங்கே கூடாரமடிக்க இதுவரை யாரும் வந்ததில்லை."

தனியாக நின்ற கரவன்

பொழுதுபட என்று மனுசி சொன்னபோது நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். யூலை மாதம் இங்கே இரவு பத்து மணிக்கும் வெயில் எறிக்கும். அவள் சூரியனைக் கணக்கில் எடுக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆறு என்றால் எழும்பினாள். சூரியன் இன்னும் மேலே நிற்கிறதே என்றேன். "அது அதின்ரை பாடு. ஆறு மணியெண்டால் பொழுது பட்டதுதான்."

ஆக, காலையில் பிராண்டேயில் இருந்து ஏரிக்கு. பின்னேரம் ஏரியில் இருந்து பிராண்டேக்கு. அரிசி மூட்டையும் எங்களோடு போய்வந்தது. திரும்புகிற வழியெல்லாம் மகள் பின் சீற்றில் இருந்து அழுவாள். முதலில் தமிழில். கோடை முடியும்போது டெனிஷில். கரவன் அங்கேயே நின்றது.

எங்களுக்கு இடப்பக்கம் ஓவ என்று ஒருவர். ஹோர்சென்ஸ் பக்கத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்தார். நாங்கள் வருவதையும் போவதையும் பல நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டே விட்டார்: "கோபிக்காதே. விடுமுறையில் நிற்பது நீயா, உன் கரவனா?"

ஓவவின் சந்தேகம்

அதே ஓவ. அவருடைய ரேடியோவில் நாளும் பொழுதும் தமிழர் வழக்குத்தான். மந்திரியாக இருந்தவர் சட்டத்துக்கு மாறாக எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தாரா, யாருக்கு எப்போது தெரியும் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தமிழர் என்ற சொல் காலைக் கோப்பியோடு டெனிஷ்காரரின் வீட்டுக்குள் போய்வந்த காலம். ஓவ ஆயுள் முழுக்க அரசாங்கக் கட்சிக்கு வாக்குப் போட்டவர்.

ஒரு பியரோடு வந்து என் கதிரையில் இருந்தார். கேட்டுவிட்டு இருக்கவில்லை. "நீ தமிழனா?" என்றார். ஓம் என்றேன். "அந்தத் தமிழனா?" அந்தத் தமிழன்தான் என்றேன். "உங்களால் அரசாங்கமே ஆடுகிறது. நீங்கள் அப்படி என்னதான் செய்தீர்கள்?"

ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தோம் என்றேன். அவர் மனுசியைப் பார்த்தார். அவள் அப்போது அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தார். பியரை முடித்தார். எழும்பும்போது என் தோளில் தட்டினார்: "சும்மா காத்திருந்தே இவ்வளவு செய்தீர்களா? நீ அவசரப்படுகிறவனாக இருந்தால் இந்த நாடு என்ன ஆகியிருக்கும்!"

பெரிய கரவன்

அடுத்த வருசம் புத்தி வேலை செய்தது. பொதுக் கக்கூஸ், வரிசை, வாளித் தண்ணி. இவைதானே அவளுக்குப் பிரச்சினை? பழையதைக் கொடுத்துவிட்டுப் பெரிய கரவன் எடுத்தேன். தண்ணித் தாங்கி, குழாய், வெப்பமூட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளுக்குள்ளேயே கக்கூஸ். அடுப்புக்கு அடுத்த கதவு. விற்றவன் அதை மூன்று தரம் திறந்து காட்டினான்.

அதைக் கமக்காரரின் முற்றத்தில் நிறுத்திவிட்டு மனுசியைக் கூட்டிவந்தேன். இந்த முறை ஏறினாள். குழாயைத் திறந்தாள், பூட்டினாள். அடுப்பைப் பார்த்தாள். அதற்கு மேலே, சாமிப்படம் வைக்க நான் அடித்த தட்டைப் பார்த்தாள். கக்கூஸ் கதவைத் திறந்தாள். இறங்கிவிட்டாள்.

யாழ்ப்பாணத்து வளவில் கக்கூஸ் வீட்டை விட்டுத் தள்ளி, கடைசி மூலையில்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாங்குகிற நேரம் அது ஞாபகத்தில் வரவில்லை. "சோறு வேகிற இடத்திலை இருந்து கை நீட்டினால் கக்கூஸ்! அதுக்கு மேலை பிள்ளையார்!" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். திரும்பக் கொண்டுபோனேன். கழற்ற முடியுமா என்று கேட்டேன். விற்றவன் முதலில் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான். பிறகு திருப்புளியை எடுத்தான்: "கக்கூஸ் இல்லை என்று அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். உன் மனைவியை ஒரு நாள் நேரில் காட்டு."

பால்

கக்கூஸ் போய் அந்த அறை கதிரைகள் அடுக்குகிற அறையானது. மனுசி கொஞ்சம் இறங்கி வந்தாள். புது வீட்டில் பால் காய்ச்சாமல் ஒன்றும் தொடங்கக் கூடாது, முதலில் அதைச் செய்வோம் என்றாள். நான் அதை நல்ல சகுனமாக எடுத்தேன்.

ஏரிக்கரையில் கரவனை நிறுத்தி, குத்துவிளக்கு ஏற்றி, புதுச் சட்டியில் பால் வைத்தோம். யேசுதாசனும் வந்து நின்றான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான். ஆனால் சாப்பாடு இருக்கும் இடமெல்லாம் நிற்பான். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. எல்லோரும் கை தட்டினோம். பொங்கின பால் அடுப்பின் ஓட்டைகளுக்குள் இறங்கியது. நெருப்பு நூந்தது. அதற்குப் பிறகு பற்றவே இல்லை. மனுசி யோசித்தாள். "பொங்கினது சரி. நூந்ததுக்கு என்ன பலன்?" என்றாள். யேசுதாசன் மிச்சப் பாலைக் குடித்தான். ஆறு மணி. எழும்பிவிட்டாள்.

அடுப்பைத் திருத்த வந்தவர் சில்க்போர்க்காரர். மூக்கைச் சுருக்கினார். இது என்ன என்றார். பால் என்றேன். பொங்கும்வரை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம் என்றேன். அவர் அடுப்பைத் துடைத்து முடித்தார். "அப்படியானால் அடுத்த முறை பார்க்காமல் விடுங்கள்."

காற்று

எனக்கு வெறுத்துவிட்டது. விற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கொப்பன்ஹேகன் பக்கத்து டோஸ்ட்ருப்பில் இருந்து ஒரு தமிழ்ப் பொடியன் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன் என்று ரெலிபோனில் சொன்னான். மனுசி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழமை ஒரு மத்தியானம் காற்று அடித்தது. கரவன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், முன்னால் கட்டுகிற கூடாரம்தான் முதலில் போகும். எங்களுடையது ஒரு பக்கம் கிளம்பிவிட்டது. நானும் ஓவவும் ஆளுக்கொரு தடியைப் பிடித்துத் தொங்கினோம். டெனிஷில் அவர் ஏசினார். தமிழில் நான். மனுசி வந்தாள். என் கையில் இருந்த கயிற்றைப் பறித்தாள். ஒரு இழுவை, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அடுத்த மூலை. அடுத்தது. கூடாரம் அசையவில்லை.

வலப்பக்கத்துக் கரவனில் ஒரு டெனிஷ் கிழவி தனியாக இருந்தா. இரண்டு கோடையாக நாங்கள் தலை மட்டும் ஆட்டிக்கொண்ட பழக்கம். வாய் பேசுவதில் அவவுக்கும் என்னைப்போலவே விருப்பமில்லை. அவவின் கூடாரமும் பறக்கப் பார்த்தது. மனுசி கேட்காமல் கொள்ளாமல் போய் அதையும் கட்டிவிட்டு வந்தாள். எங்கே பழகினாய் என்று ஓவ கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அவள் கையை உதறினாள்: "தறப்பாள் கட்டத் தெரியாமலோ நான் பிள்ளையைக் காப்பாத்திக்கொண்டு வந்தனான்?"

தட்டு

அடுத்த நாள் கிழவி ஒரு தட்டு நிறைய ஸ்ட்ரோபெரி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனா. மனுசிக்குப் பெரிய பிரச்சினை. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. மறுநாள் வீட்டில் உழுந்து வடை சுட்டுக் கொண்டுவந்து, அதே தட்டில் வைத்துக் கொடுத்தாள். பின்னேரம் தட்டு கேக்கோடு திரும்பி வந்தது. டெனிஷ்காரருக்கும் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா, இல்லை கிழவிக்கு மட்டும்தானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. தட்டு நிற்காமல் போய்வந்தது.

சனிக்கிழமை கிழவி வெறுங்கையோடு வந்தா. மகளிடம் ஏதோ சொன்னா. மகள் மொழிபெயர்த்தாள்: "அம்மா, நாளைக்கு அவவுக்குப் பிறந்தநாளாம். அந்த ஓட்டை போட்டது வேணுமாம். ஆறினது வேண்டாமாம். காலமைக் கோப்பிக்குச் சுடச்சுட வேணுமாம்."

"அவவின்ரை பிள்ளையள்?" என்றாள் மனுசி.

மகள் கேட்டாள். பிள்ளைகள் ஸ்பெயினில் விடுமுறையாம், வரமாட்டார்களாம். மனுசி கொஞ்ச நேரம் கிழவியைப் பார்த்தாள். பிறகு இங்கே மொழி வகுப்பில் படித்த டெனிஷில் சரி என்றாள். கிழவி போகிற போக்கில் திரும்பிப் பார்த்தா: "எட்டு மணிக்கு. நான் பிந்துகிறவள் இல்லை."

உழுந்து

அன்று ஆறு மணிக்கு வழக்கம்போலக் காரை ஸ்டார்ட் பண்ணினேன். அரிசி மூட்டையை ஏற்றினேன். மனுசி கூடாரத்துக்குள் கதிரையில் இருந்தாள். எழும்பவில்லை.

"ஆறு மணி" என்றேன்.

"உழுந்து ஊறப் போட்டிருக்கு."

"அதை வீட்டை கொண்டுபோய் அரைச்சுக்கொண்டு வரலாம்தானே?"

"ஊறுற உழுந்தைக் காரிலை குலுக்கிக்கொண்டு திரியிறதோ? உங்களுக்கு விசரே? நிப்பாட்டுங்கோ அதை."

நிற்பாட்டினேன். அரிசி மூட்டையை இறக்கினேன். அன்றிரவு மகள் சுவர்ப் பக்கம், மனுசி நடுவில், நான் கரையில். அவர்கள் படுத்தவுடன் நித்திரை. எனக்கு வரவில்லை. கட்டில் சரியில்லை என்று வையுங்கள்.

காலையில் மனுசி, மற்றச் சாமான்களோடு வீட்டில் இருந்து காவி வந்த கிரைண்டரைப் போட்டாள். பாதி அரைத்ததும் எங்கள் வரிசைக்கே மின்சாரம் போனது. கோப்பி மெசின்கள் எல்லாம் நின்றன. இரவு உடுப்போடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஓவ என்னைப் பார்த்த பார்வையில் அரசாங்கம் இரண்டாம் முறை ஆடியது. கிழவி பிறந்தநாளுக்காகச் சட்டையில் ஒரு சின்ன டெனிஷ் கொடியைக் குத்திக்கொண்டு எங்கள் கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றா. கையில் தட்டு. மின்சாரம் போனதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய் சூடா என்று மட்டும் கேட்டா.

சூடுதான். காஸ் அடுப்பு வேலை செய்தது. மீதி உழுந்தை ஒரு போத்தலால் நானே குத்தினேன். வடை கொஞ்சம் கரடுமுரடு. கிழவிக்குப் பின்னால் ஓவ தட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. மீசைப் பொறுப்பாளர் பியூஸ் மாற்ற வந்தவர், அவரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு நின்றார். வரிசை தண்ணிப் பைப் வரை போனது. மனுசி அகப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தலைப்பில் நின்றாள். தள்ளுப்பட வேண்டாம், எல்லோருக்கும் இருக்கிறது என்று தமிழில் சத்தம் போட்டாள். அவளுக்கு அந்தக் குரல் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

டோஸ்ட்ருப் பொடியன் விடியக் கப்பல் ஏறிக் கடலைத் தாண்டி வந்து சேர்ந்தபோது மனுசி இரண்டாம் முறை மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். கரவனைச் சுற்றிப் பார்த்தான். சில்லை உதைத்துப் பார்த்தான். கக்கூஸ் எங்கே என்று கேட்டான். கதிரைகள் அடுக்கின அறையைக் காட்டினேன். மனுசி ஒரு தட்டை அவன் கையில் வைத்தாள். "தம்பி, இது விக்கிறதில்லை. நாளைக்கு இவைக்கு ரோல்ஸ் சுட்டுத் தாறனெண்டு சொல்லிப்போட்டன். நீர் சாப்பிடும்." அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வடையைக் கடித்தான். "அண்ணை, வடை தின்னவோ என்னைக் கப்பலேத்திக் கூப்பிட்டனீங்கள்?"

இந்தக் கரவனுக்குச் சில்லு, அடுப்பு, கூரை என்று திருத்தினவர்கள் எத்தனையோ பேர், ஆனால் அதில் உண்மையாகப் பிழையாக இருந்ததைத் திருத்தினது, ஒரு ஆணியும் அடிக்காமல் தட்டோடு வந்து நின்ற அந்தப் பக்கத்துக் கிழவி, பெயர் கிர்ஸ்டன்.